படுக்கும் ஊரை முதலில் முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்குக் காரில் வெளியூர் போகிறவர்களுக்கு யோசனை சொல்லி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். டயரைப் பாருங்கள், குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றதெல்லாம் சரி. ஆனால் ஓரிடத்தில், இரவு பத்து மணிக்கு மேல் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும், பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள், விடிவதற்குள் பாதித் தூரம் ஓடிவிடலாம் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சங்ககிரிக்காரன். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் இரண்டு தெரியும். 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலைக்கோட்டை ஒன்று, லாரி மற்றொன்று. நான் லாரியைச் சேர்ந்தவன். பத்தொன்பது வயதில் கிளீனராக ஏறினேன். பிறகு முப்பத்தோரு வருடம் ஆல் இந்தியா பர்மிட் வண்டியில் ஓட்டுநராக இருந்தேன். சேலத்து ஜவ்வரிசியையும் ஈரோட்டு மஞ்சளையும் ஏற்றிக்கொண்டு புனே, மும்பை, அகமதாபாத் என்று எத்தனை நடை போயிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. இப்போது வயது அறுபத்தெட்டு. கண்புரை எடுத்த பிறகு நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் பிடிப்பதில்லை. ஆக, கிளீனராகத் தொடங்கிய நான் மறுபடியும் கிளீனராகிவிட்டேன். இந்தத் தடவை மருமகனின் காரில்.

சின்ன மகள் புனேயில் இருக்கிறாள். தை மாதம் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தாள். பிறந்த வீட்டுச் சீர் கொண்டு போக வேண்டும். அரிசி மூட்டை, தேங்காய், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, குத்துவிளக்கு, பித்தளை அண்டா என்று சேர்ந்துபோனது. ஊத்துக்குளி வெண்ணெய் வேறு வேண்டும் என்றாள் என் மனைவி, இரண்டு நாள் வெயிலில் அது வெண்ணெயாகப் போய்ச் சேராது என்று தடுத்துவிட்டேன். இத்தனையையும் ரயிலில் தூக்க முடியாது என்பதால், பெருந்துறையில் இருக்கும் மூத்த மருமகன் தன் ஏழு இருக்கைக் காரில் போய்விடலாம் என்றார். நாங்கள் இருவர், அவர்கள் இருவர், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர்.

“ஏனுங்க மாமா, மேப் பதினேழரை மணி நேரம்தான் காட்டுகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துக்கு எடுத்தால் சனிக்கிழமை பொழுதோடு புனே. லாட்ஜ் செலவும் மிச்சம்” என்றார். உங்கள் கட்டுரையில் இருந்த அதே கணக்கு.

“மாப்பிள்ளை, அன்றைக்குப் பகலெல்லாம் கடையில் நிற்பீர்கள். எப்போது தூங்குவீர்கள்?” என்று கேட்டேன்.

“ஒரு ராத்திரிதானே” என்றார்.

அப்படியென்றால் சீரை நீங்கள் கொண்டு வாருங்கள், நானும் உங்கள் அத்தையும் ரயிலில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டேன். மருமகனிடம் அப்படிப் பேசுவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் முகம் சுருங்கியது. அதனால்தான், அதுவரை வீட்டில் முழுசாகச் சொல்லாத ஒரு கதையை அன்று சொல்ல வேண்டியதாயிற்று.

1993. மூட்டை மூட்டையாக ஜவ்வரிசி லோடு, மும்பைக்கு. சேலத்தில் மாலையில் தார்ப்பாய் கட்டிக் கிளம்பி, பெங்களூருவை நள்ளிரவில் தாண்டியாயிற்று. அந்தக் காலத்தில் அது நாலாம் நம்பர் ரோடு. இருவழிப் பாதைதான், நாற்கரச் சாலை எல்லாம் 2000-த்துக்குப் பிறகு வந்தது. சிராவில் டீ குடித்தேன். முகம் கழுவினேன். தூக்கத்தை விரட்ட அன்றைக்கு என்னவெல்லாம் உண்டோ எல்லாம் செய்தேன்: பீடி, பச்சை மிளகாய், ஜன்னலைத் திறந்து குளிர்காற்று. வண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று முன்கண்ணாடி முழுக்கப் புளியமரம்.

பிறகு யோசித்துப் பார்த்தால், சிராவுக்கு அடுத்த பெரிய ஊர் ஹிரியூர். அதைத் தாண்டித்தான் ஐமங்கலா பக்கத்தில் மரத்தில் மோதியிருக்கிறேன். ஆனால் ஹிரியூரைக் கடந்தது எனக்கு நினைவே இல்லை. ஊருக்குள் ஹாரன் அடித்திருப்பேன், கியர் மாற்றியிருப்பேன், எதிர் வண்டிக்கு லைட்டைத் தாழ்த்தியிருப்பேன். எல்லாவற்றையும் கை செய்திருக்கிறது. கண் திறந்தேதான் இருந்திருக்கிறது. ஆள் மட்டும் அங்கே இல்லை. தூங்குகிறவன் கண்ணை மூடுவான், தலை சாயும், அப்போது தெரிந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்கு நெற்றியில் நாலு தையலோடு போயிற்று. கிளீனர் பையன் எடப்பாடிப் பக்கம், பதினேழு வயதிருக்கும். இடது பக்கம் முழுக்க நசுங்கி, அவன் கால் டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மணி நாலரை. இரண்டு லாரிகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தூக்கிவிடப் போனவனே கோர்ட்டுக்கு அலைய வேண்டிய காலம் அது. (இப்போது 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் உதவுகிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தயங்காமல் நிறுத்துங்கள்.) மூன்றாவதாக வந்தது போர்வெல் போடப் போகும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி. அதில் இருந்தவர்கள் கடப்பாரையால் கதவை நெம்பி, பையனை எடுத்து, சித்ரதுர்கா கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பையன் பிழைத்தான். அந்தக் கால் இன்றும் இரண்டு அங்குலம் குட்டை. ஆடிப் பதினெட்டுக்கு வருடா வருடம் எங்கள் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மருமகன் அதற்கு மேல் பேசவில்லை. தினசரிக் காலண்டர் தாளை நானே கிழித்து, பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

சங்ககிரியிலிருந்து புனே ஏறத்தாழ 1,070 கிலோமீட்டர். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக 44-ஆம் எண் சாலை, பெங்களூருவுக்கு அப்பால் கடைசி வரை 48. இதை இரண்டாக வகுத்து, 535-இல் என்ன ஊர் வருகிறது என்று பார்ப்பது புத்தகக் கணக்கு. லைன் டிரைவர் அப்படிப் பார்க்க மாட்டான். எந்த ஊரில் படுப்பது, அங்கே விளக்கு வைப்பதற்குள் எப்படிப் போய்ச் சேருவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்வான். கிளம்பும் நேரம், சாப்பிடும் இடம், டீசல் போடும் பங்க் எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி வரும்.

நான் சொன்ன ஊர் ஹூப்ளி. 645 கிலோமீட்டர். முதல் நாளைக்கு அதிகமாக இல்லையா என்று மகள் கேட்டாள். முதல் நாள் உடம்பு புதிது, தாங்கும். இரண்டாம் நாள் காலையில் எழும்போதே இடுப்பு கணக்குக் கேட்கும். அதோடு இந்த வழியில் கஷ்டமெல்லாம் கடைசியில்தான் இருக்கிறது. ஹூப்ளி–தார்வாட் புறவழிச்சாலை நெடுங்காலம் இருவழியாகவே கிடந்து எத்தனையோ பேரைக் காவு வாங்கியது. அதைப் பகல் வெளிச்சத்தில், தூங்கி எழுந்த கண்ணோடு கடக்க வேண்டும். கோலாப்பூருக்கு மேலே அங்கங்கே சாலையை அகலப்படுத்தும் வேலையும் மாற்றுப்பாதையும் இருந்தன. சதாராவுக்கு அப்பால் கம்பட்கி மலை, முடிவில் புனே நகர நெரிசல். அந்த நாளுக்கு 430 கிலோமீட்டரே ஜாஸ்தி.

நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நாற்கரச் சாலையில் ஸ்பீடாமீட்டர் நூறைக் காட்டும். டோல்கேட், டீ, பிள்ளைகள் வாந்தி, பாட்டிக்கு முழங்கால் நீட்ட வேண்டும் என்பது எல்லாவற்றையும் சேர்த்தால், குடும்பத்தோடு போகிறவருக்கு மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் கிடைக்காது. மேப் சொல்வது நிற்காமல் போகிற ஆளுக்கு. ஐம்பத்தைந்தால் 645-ஐ வகுத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால், மதியம் அரை மணி ஓய்வையும் சேர்த்து, மாலை ஐந்தரைக்கு ஹூப்ளி. ஏன் மூன்று மணிக்கே எடுக்கக் கூடாது என்றார் மருமகன். இரண்டிலிருந்து ஐந்து வரைக்கும்தான் சாலையில் அதிகம் சாய்வார்கள். அந்த மூன்று மணி நேரம் கட்டிலில் கழியட்டும் என்றேன். முந்தின நாள் கடையை மதியத்தோடு மூடிவிட்டு எட்டு மணிக்குப் படுத்துவிட வேண்டும் என்பதையும் தாளில் எழுதினேன். பேத்தி அதற்குக் கீழே ‘தாத்தா ஆர்டர்’ என்று எழுதி வைத்தாள்.

அறையை முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் லாட்ஜில் இடம் இருக்காது, இரண்டாவதில் கார் நிறுத்த வசதி இருக்காது, மூன்றாவது மனைவிக்குப் பிடிக்காது. அந்த அலைச்சலில் ஓட்டுகிறவர், சரி, இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போய்விடலாம் என்பார். நான் பார்த்தவரை அந்த ஐம்பது கிலோமீட்டரில் நல்லது நடந்ததே இல்லை. போனில் கேட்க வேண்டியது, கார் காம்பவுண்டுக்குள் நிற்குமா, லிப்ட் இருக்கிறதா என்ற இரண்டுதான். டிவி எத்தனை அங்குலம் என்று மருமகன் கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பற்றி. கம்பெனி சர்வீஸ் முடித்த வண்டி, ஒன்றும் பார்க்க வேண்டாம் என்றார்கள். இருக்கட்டும் என்று கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் சாமான்களையெல்லாம் இறக்கி ஸ்டெப்னியை வெளியே எடுக்கச் சொன்னேன். வாங்கிய நாளிலிருந்து அது வெளிச்சம் பார்த்ததில்லை. விரலால் அமுக்கினால் குழிந்தது. காற்று பாதி கூட இல்லை. பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், 1418 என்றிருந்தது. 2018-இன் பதினான்காவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். கோடு தேயாத புத்தம்புது டயர்தான், ஆனால் நகத்தால் கீறிப் பார்த்தால் ரப்பரில் முடி போல வெடிப்பு. நிழலிலேயே கிடந்து காய்ந்துபோன பூசணிக்காய் மாதிரி. மருமகன் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கி இருந்தது, ஜாக்கியைச் சுழற்றும் கம்பி இல்லை. யாரோ எப்போதோ கொட்டகையில் வேறு வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். உங்கள் காரில் இந்த இரண்டையும் இன்றைக்கே போய்ப் பாருங்கள். காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைய, சாமான் நிறைய என்றால் தனி அளவு போட்டிருப்பார்கள். காலையில் டயர் சூடாவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். அண்டாவையும் அரிசி மூட்டையையும் கூரை மேல் கட்ட விடவில்லை. பாரம் கீழே, நடு இருக்கைக்குப் பக்கத்தில்.

டோல் விஷயத்தில் இப்போது முன்பு போல் சில்லறை தேட வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். கிளம்பும் முன் அதில் பணம் இருக்கிறதா, கணக்கு முடக்கப்படவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், முடங்கியிருந்தால் டோல்கேட்டில் சிக்கல். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு வருடப் பாஸ் வந்திருக்கிறது, இருநூறு நடை, வந்தபோது விலை மூவாயிரம் ரூபாய். நாங்கள் அதைத்தான் எடுத்தோம். தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான் செல்லும். பெங்களூரு ஊருக்குள் நுழையாமல் ஓசூர் ரோட்டிலிருந்து தும்கூர் ரோட்டுக்குக் கொண்டுபோய்விடும் நைஸ் ரோட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கட்டுங்கள். அந்தப் பணத்துக்குப் பார்த்து ஊருக்குள் புகுந்தால் இரண்டு மணி நேரம் போச்சு.

அடுத்தது ஓட்டுகிற ஆள். ஒருவரே இரண்டு நாளும் ஓட்டுவது தேவையில்லாத வீரம். லாரி ஓட்டுகிறவனுக்கே, 1961-ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வு என்றது. எங்கள் காலத்தில் அந்தச் சட்டம் புத்தகத்தோடு சரி, அதன் பலனைத்தான் மேலே சொன்னேன். என் மூத்த மகள் பெருந்துறையில் தினமும் கார் ஓட்டுகிறாள். ஆனாலும் ஹைவேயில் வேண்டாம் என்று அவளைப் பின்னால் உட்கார வைப்பது வழக்கமாம். நான் சம்மதிக்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு கை மாற வேண்டும் என்றேன். தும்கூரிலிருந்து சித்ரதுர்கா வரை அவள்தான் ஓட்டினாள். நேர் கோடு போட்ட மாதிரிச் சாலை, மலை மேல் வரிசையாகக் காற்றாலை. ஐமங்கலா வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புளியமரமும் இல்லை, சாலை அகலமாகும்போது வெட்டியிருப்பார்கள். என் மனைவி மட்டும் பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள்.

சித்ரதுர்காவில் ஒரு வேப்பமரத்தடியில் பாய் விரித்துக் கட்டுச்சோறு. புளிச்சோறும் தயிர்சோறும், வறுத்த வடகமும். ஓட்டுகிறவர்களுக்கு அரை வயிறுதான் என்று மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தேன். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிப்பதும் விடிகாலை மூன்று மணிக்கு ஓட்டுவதும் ஒன்றுதான். மருமகன் பாயிலேயே அரை மணி தூங்கினார். பேரன் அதற்குள் கோட்டைக்குப் போகலாம் என்று அடம் பிடித்தான். ஏழு சுற்றுக் கோட்டை, அரை மணியில் பார்க்கிற இடமா அது? திரும்பி வரும்போதும் பார்க்கவில்லை. அவனுக்கு ஒரு கடன் இருக்கிறது.

ஹூப்ளிக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்தே முக்கால். மறுநாளும் சிக்கலில்லாமல் போயிற்று. ஒன்றைச் சொல்ல வேண்டும், கராடு ஊரில் கிருஷ்ணாவும் கொய்னாவும் எதிரெதிராக வந்து நேருக்கு நேர் கலக்கின்றன. லாரியில் அத்தனை வருடம் அந்த வழியாகப் போய் ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. இந்தத் தடவை பார்த்தேன். பவானி கூடுதுறையில் முங்கி எழுந்த மாதிரி மனசு நிறைந்துபோயிற்று.

புனேயில் நுழையும் இடத்தில் காத்ரஜ் சுரங்கத்தைத் தாண்டி, நவலே பாலம் வரை ஒரே இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் அங்கே பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிற வண்டிகளை வரிசையாக இடித்துத் தள்ளிய சம்பவங்கள் பல. கொங்கு நாட்டுக்காரனுக்கு இது புதிதில்லை, நம் வாசலில் தொப்பூர் இருக்கிறதே. 2020 டிசம்பரில் அங்கே நின்றிருந்த வாகன வரிசையில் லாரி வந்து மோதி நான்கு பேர் போனார்கள். கியரில் இருந்தால் இஞ்சினே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பிடி விட்டுப்போகும், முழுப் பாரமும் பிரேக் தலையில் விழும். மிதிக்க மிதிக்க லைனிங் சூடாகி, டிரம் விரிந்து, கடைசியில் பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி கேட்காது. ஏறுவதற்கு எந்தக் கியரோ அதே கியரில் இறங்கு என்பது என் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. காருக்கும் அதேதான். தானியங்கிக் கியர் வண்டி என்றாலும் கீழ்க் கியரில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது, காரோடு கொடுத்த புத்தகத்தை ஒரு தடவை புரட்டுங்கள்.

இனி, திரும்பி வந்த கதை. சங்கடமானது, ஆனாலும் எழுதுகிறேன், மருமகனும் எழுதச் சொல்லிவிட்டார்.

விசேஷம் முடிந்து, போன மாதிரியே இரண்டு நாளில் திரும்பினோம். இந்தத் தடவை தங்கியது தாவணகெரேயில். காலையில் வெண்ணெய் தோசை சாப்பிட்டுக் கிளம்பி, ஓசூர் வந்ததும் எல்லோருக்கும் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. தமிழ்ப் பலகை, தமிழ்ப் பாட்டு. மகள் கை மாறுகிறேன் என்றாள். இன்னும் இரண்டரை மணி நேரம்தானே, நானே ஓட்டிவிடுகிறேன் என்றார் மருமகன். கிருஷ்ணகிரி தாண்டி மதியம் இரண்டரை மணி. நான் முன் இருக்கையில். கிளீனர் தூங்கக் கூடாது என்பது என் சட்டம். கொஞ்ச நேரமாக அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டி சீராக எண்பதில் போகிறது, கோடு மாறவில்லை. எனக்கு என்னவோ போல இருந்தது.

“மாப்பிள்ளை, கடைசியாகத் தாண்டின ஊர் எது?” என்றேன்.

“கிருஷ்ணகிரிங்க மாமா.”

“காவேரிப்பட்டினம்?”

பதில் இல்லை. இரண்டு விநாடி கழித்து என்னைத் திரும்பிப் பார்த்தார். காவேரிப்பட்டினம் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஐமங்கலாவில் ரிக் வண்டியின் கண்ணாடியில் நான் பார்த்த முகம்.

உடனே ஓரம் கட்டச் சொன்னேன். கட்ட வேண்டும் என்றால் எங்கே கட்டுவது? என் புகார் இங்கேதான் தொடங்குகிறது. லாரி நிறுத்த ஒதுக்கிய இடம் ஒன்று வந்தது. நுழைவாயில் வரை லாரிகள், உள்ளே காருக்கு இடமில்லை. அந்த ஓட்டுநர்களும் தூங்கத்தான் நிற்கிறார்கள், எழுப்ப எனக்கு மனசு வராது. கழிவறை என்று பலகை போட்ட கட்டடம் பூட்டிக் கிடந்தது, பூட்டில் துரு. என் மனைவியும் மகளும் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டார்கள். பெண்கள் பயணத்தில் தண்ணீர் குடிக்காமலே வருவது ஏன் என்று ஆண்கள் யாராவது கேட்டிருக்கிறோமா? அத்தனை வருடம் ஓட்டிய நானும் கேட்டதில்லை. அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இது ஓர் இடத்தின் குற்றம் மட்டும் என்றால் கடிதமே தேவையில்லை, வழி நெடுக மூன்று மாநிலத்திலும் நல்லதும் இருக்கிறது, பூட்டியதும் இருக்கிறது. எது எங்கே என்று முன்கூட்டித் தெரிவதில்லை, அதுதான் சிக்கல்.

கடைசியில் ஒரு பேக்கரிக்காரர் இடம் கொடுத்தார். கடைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டில். மருமகன் செருப்பைக் கூடக் கழற்றாமல் சாய்ந்தார், நாற்பது நிமிடம் அசையவில்லை. பெண்களுக்குக் கழிவறையைத் திறந்துவிட்டார். நாங்கள் குடித்த டீயும் தேங்காய் பன்னும் சேர்த்து இருநூறு ரூபாய் கூட வராது. தங்கிய இரண்டு இரவுகளுக்கும் கொடுத்த வாடகையை அந்த மனுஷனுக்குக் கொடுத்திருக்கலாம்.

அதன் பிறகு சாவி மகள் கைக்குப் போயிற்று. தொப்பூர் இறக்கத்தை அவள்தான் இறக்கினாள். கட்டமேட்டிலேயே மூன்றாம் கியருக்கு வந்துவிட்டாள், நான் சொல்லவில்லை. பின்னால் ஒரு சொகுசு கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. முன்னால் போன லாரியிலிருந்து லைனிங் கருகும் வாடை கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது. அவள் இன்னும் கொஞ்சம் விட்டுப் போனாள்.

ஆசிரியர் அவர்களே, எனக்கு உங்களிடம் ஒன்றும், சாலையை நிர்வகிப்பவர்களிடம் ஒன்றும் கேட்க வேண்டும். அடுத்த விடுமுறை இணைப்பில் நைட்டில் கிளம்புங்கள் என்ற யோசனையை எடுத்துவிட்டு, சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் நாலா பக்கமும் போகிற சாலைகளில் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டரில் குடும்பத்தோடு இரவு தங்கத் தோதான ஊர் எது என்று ஒரு பக்கம் போடுங்கள். உங்கள் நிருபர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சாலைக்காரர்களுக்கு: அடுத்த டோல்கேட் எத்தனை கிலோமீட்டர் என்று பலகை வைக்கத் தெரிகிறது. அடுத்த கழிவறையும் நிறுத்துமிடமும் எத்தனை கிலோமீட்டர், திறந்திருக்கிறதா என்று அதே அளவில் ஒரு பலகை வையுங்கள். லாரிக்குத் தனி இடம், காருக்குத் தனி இடம். பூட்டியிருந்தால் 1033-க்குச் சொல்லலாம் என்பதையும் பலகையிலேயே எழுதுங்கள், அந்த எண் பாதிப் பேருக்குத் தெரியாது.

காலண்டர் தாளை மருமகன் காரின் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். பங்குனியில் பழனிக்குப் போனபோது பார்த்தேன், ‘தாத்தா ஆர்டர்’ என்பதற்குக் கீழே அவர் கையெழுத்தில் ‘காவேரிப்பட்டினம்’ என்று ஒரு வார்த்தை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
சங்ககிரி.